எந்தக் கட்சியில சேரப் போற அம்முணி?

போத்தனூரில் அந்தப் பெண் பி.ஏ. அரசியல் அறிவியல் சேர்ந்த செய்தி ஒறம்பரைகளுக்குப் பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு கெடா வெட்டு, காதுகுத்து, சீர் என்று எங்கே போனாலும் ஒரே கேள்விதான். "படிச்சுட்டு எந்தக் கட்சியில சேரப் போற அம்முணி?" கேட்டவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். அவளுடைய அப்பாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவர் போத்தனூர் ரயில்வே சிக்னல் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர். அண்ணன் மகன் இன்ஜினீயரிங் முடித்து பம்ப் கம்பெனி ஒன்றில் இருக்கிறான். தங்கை மகள் பி.காம்., சி.ஏ. மில்லும் மோட்டாரும் ஃபவுண்டரியும் கிரைண்டரும் சோறு போட்ட ஊர் கோயம்புத்தூர். இங்கே படிப்பு என்றால் கையில் ஒரு தொழில் வர வேண்டும், இல்லையென்றால் கணக்கு எழுதத் தெரிய வேண்டும். பிளஸ் டூவில் கணக்கும் அறிவியலும் எடுத்து நல்ல மார்க்கும் வாங்கிய பெண், சுற்றி இத்தனை இன்ஜினீயரிங் காலேஜ் இருக்கும்போது அரசியல் படிக்கப் போகிறேன் என்றால் எந்த அப்பாவுக்கும் முகம் சுருங்கத்தான் செய்யும். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீட்டில், "வேலை கிடைக்குமா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க முடியும்.

அந்தப் பெண்ணுக்கு வேறு ஒரு கேள்வி இருந்தது. அவள் வீடு குறிச்சிப் பக்கம். காற்று திரும்பினால் வெள்ளலூர் குப்பைக் கிடங்கின் நாற்றம் வீட்டுக்குள் வரும். கோவை மாநகரத்தின் குப்பை மொத்தமும் போய்ச் சேரும் இடம் அது. 600 ஏக்கருக்கு மேல் பரப்பு. கோடையில் தீப்பிடித்தால் புகை போத்தனூர் வரைக்கும் மண்டும். அவளுடைய அம்மிச்சிக்கு மூச்சிரைப்பு உண்டு. அதற்குக் காரணம் இந்தப் புகைதான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. ஆனால் புகை வரும் ராத்திரிகளில் அம்மிச்சி கட்டிலில் உட்கார்ந்தபடியே விடிய வைப்பதை அந்த வீடு பார்த்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் குடிமையியல் பாடம் நடந்துகொண்டிருந்தபோது அவள் டீச்சரிடம் கேட்டாள்: "ஊர் பூராவும் போடற குப்பைய நம்ம பக்கம் கொட்டோணும்னு யாருங்க டீச்சர் முடிவு பண்ணுனாங்க?" டீச்சர் நல்லவர். "அது பாடத்துல இல்ல கண்ணு. காலேஜ்ல பொலிட்டிக்கல் சயின்ஸ்னு ஒண்ணு இருக்குது, அங்க போய்க் கேளு" என்று சொல்லிவிட்டார். அவர் சும்மா சொன்னாரோ என்னவோ, அந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் பதினைந்து நாள் பேச்சு நடந்தது. கடைசியில் அப்பா இறங்கி வந்தார், ஆனால் இரண்டு நிபந்தனை. மூன்று வருஷம் முடிந்ததும் மேலே என்ன என்பதை இப்போதே யோசித்து வைக்க வேண்டும். வீட்டுக்குள் கட்சி பேசக் கூடாது. 2023-ல் கோவை அரசு கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. 1852-ல் தொடங்கிய கல்வி நிலையம். போத்தனூரிலிருந்து ரயிலில் ஏறினால் அடுத்து கோயம்புத்தூர் ஜங்ஷன், அங்கிருந்து நடை. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழும். அதனால் படிப்புச் செலவு என்று அப்பா பெரிதாகக் கணக்குப் பார்க்கவும் வழியில்லை.

வகுப்பில் முதல் சில வாரங்கள் அவளுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தன. குப்பையும் இல்லை, கோவையும் இல்லை. பிளேட்டோ, அரிஸ்டாட்டில், ஹாப்ஸ், லாக், ரூசோ. அரசு என்றால் என்ன, அரசாங்கம் என்றால் என்ன, இரண்டும் ஏன் ஒன்றில்லை. இறைமை என்ற சொல்லைப் புரிந்துகொள்வதற்கே ஒரு மாதம். நல்ல நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பது இன்னொரு சுமை. அரசியல் கோட்பாட்டுக்கு அவள் நூலகத்தில் எடுத்த பழைய பாடநூலை எழுதியவர் பெயரைப் பார்த்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்: எட்டி ஆசீர்வாதம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் பாடத்தைக் கற்பித்த பேராசிரியர். வடநாட்டு மாணவர்களும் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த அந்தத் தடிமனான புத்தகம் ஒரு தமிழர் எழுதியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிய வைக்க யாரும் மெனக்கெடவும் இல்லை.

பிறகு ஒருநாள் ஹெரால்டு லாஸ்வெல் வந்தார். அமெரிக்க அறிஞர். 1936-ல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பே அரசியலுக்கு இலக்கணமாகிவிட்டது: யாருக்கு, எது, எப்போது, எப்படிக் கிடைக்கிறது. அந்த வரியை நோட்டில் எழுதியவள் பக்கத்திலேயே, "யாருக்குக் குப்பை?" என்று சின்னதாக எழுதிக்கொண்டாள். பத்தாம் வகுப்புக் கேள்விக்கு இப்போதுதான் ஒரு வீடு கிடைத்தது.

போத்தனூர்க்காரர்களுக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. கோயம்புத்தூர் ஸ்டேஷனுக்கு முன்பே போத்தனூருக்கு ரயில் வந்துவிட்டது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை போட்ட பாதையில் 1862-லேயே போத்தனூர் உண்டு. கோவைக்குப் பாதை பிரிந்து போனது 1873-ல். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், நிழல் விழும் ரயில்வே குடியிருப்புகள் என்று அந்தக் கதையை எல்லோரும் ஆசையாகச் சொல்வார்கள். அதே ரயில் நிலையத்தில் 1921 நவம்பரில் நடந்த ஒன்றை மட்டும் அதிகம் பேர் சொல்வதில்லை.

மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் ஒரு மாவட்டம். அங்கே அந்த ஆண்டு வெடித்த கிளர்ச்சியை அரசு ராணுவத்தை வைத்து அடக்கியது. பிடிபட்ட கைதிகளில் சுமார் நூறு பேரை, பெரும்பாலும் மாப்பிளாக்களை, திரூரில் ஒரு சரக்கு வேகனில் ஏற்றிக் கதவை அடைத்தார்கள். அந்த வேகனைப் பயணிகள் ரயிலோடு இணைத்து கிழக்கே அனுப்பினார்கள். காற்றுக்கு வழியில்லை. வழியெல்லாம் தண்ணீருக்கும் மூச்சுக்கும் கதறியதாக உயிர் தப்பியவர்கள் பின்னால் சொன்னார்கள். கதவு திறக்கப்பட்ட இடம் போத்தனூர். உள்ளே பிணங்கள். பிறகு இறந்தவர்களையும் சேர்த்து எழுபது பேர் வரை மாண்டார்கள். திரூரில் நகர மண்டபமே அவர்கள் நினைவாக நிற்கிறது. கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதை. அந்தப் பெண்ணுக்கோ, பத்தொன்பது வயதில், கல்லூரி நூலகத்தில் ஒரு புத்தகத்தின் நடுவே தன் ஊர்ப் பெயரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் வகுப்பில் அதை எடுத்துப் பேசினாள். பாடம் மாக்ஸ் வேபர். ஒரு நிலப்பரப்புக்குள் முறையான வன்முறைக்கு ஏகபோக உரிமை கொண்டாடும் அமைப்புதான் அரசு என்று 1919-ல் சொன்னவர். அதற்கு இரண்டே ஆண்டு கழித்து போத்தனூர். பேராசிரியை பாடத்தை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி போட்டார். இந்த எழுபது பேர் சாவுக்கு யார் பொறுப்பு? கதவைச் சாத்தியவரா, கூடப் போன காவலரா, கைதிகளைச் சரக்கு வேகனில் அனுப்பலாம் என்று முடிவெடுத்த அதிகாரியா, அந்த முறையைக் கண்டும் காணாமல் இருந்த அரசாங்கமா? விசாரணைக் குழு போட்டார்கள் என்றால், யார் போட்ட குழு, யாரை விசாரித்தது? ஒரு மணி நேரம் வகுப்பில் சத்தம் ஓயவில்லை. முடிவில் பேராசிரியை நம் அரசியலமைப்புச் சட்டத்துக்கு வந்தார். பிரிவு 21 உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு. பிரிவு 22, கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தச் சொல்கிறது. கைது செய்யும்போது போலீஸ் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகள். இவ்வளவும் இருந்தும் காவலில் மரணம் என்று செய்தி வருவது ஏன் என்பதை வீட்டில் யோசித்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலம் ரயிலிலிருந்து போத்தனூரில் இறங்கியவள் உடனே வீட்டுக்குப் போகவில்லை. பிளாட்பார பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்பாவிடம் சொன்னபோது, "முப்பது வருசமா இந்த ஸ்டேசன்ல ஏறி எறங்கறேன், ஒருத்தரும் சொன்னதில்லையே கண்ணு" என்றார். இது கட்சிப் பேச்சு இல்லை என்று அவருக்கு அன்றைக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு சாப்பாட்டு நேரத்தில் வேறு மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பித்தன. ஒருநாள் அம்மிச்சிக்கு ஒரு சந்தேகம். "நாம இருக்கறது கோயமுத்தூரு. அப்பறம் ஏஞ்சாமி பொள்ளாச்சி எம்.பி.க்கு ஓட்டுப் போடறோம்?" நியாயமான கேள்வி. குறிச்சியும் குனியமுத்தூரும் முன்பு தனித்தனி நகராட்சிகள். 2011-ல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தன. ஆனால் 2008 தொகுதி மறுசீரமைப்பில் இவை கிணத்துக்கடவு சட்டமன்றத் தொகுதிக்குள் வந்துவிட்டன. கிணத்துக்கடவு பொள்ளாச்சி மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. எனவே மேயர் கோவையில், எம்.பி. பொள்ளாச்சிக்கு. ஒரே எம்.பி., குறிச்சியின் சாக்கடைக்கும் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துக்கும் உடுமலைப்பேட்டை விவசாயிக்கும் சேர்த்துப் பேச வேண்டும். அம்மிச்சி கேட்டுவிட்டு, "அதான் இந்தப் பக்கம் ஒருத்தரையும் காணோம்" என்றார். பேத்தி சிரித்தாள், ஆனால் அதை நோட்டில் குறித்துக்கொண்டாள். தொகுதிகளின் எண்ணிக்கை 1971 மக்கள்தொகைக் கணக்கை வைத்து உறைந்து கிடப்பதும், 2026-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பை வைத்து அதை மாற்றினால் தமிழ்நாட்டின் 39 இடங்களுக்கு என்ன ஆகும் என்ற சண்டையும் இப்போது எல்லா டீக்கடையிலும் பேசுகிற விஷயம். அதில் எந்தத் திருத்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று பிரித்துச் சொல்ல அந்தத் தெருவில் ஒரு ஆள் கிடைத்தாள்.

அரசியலே பிடிக்காது என்று சொல்லும் அப்பா, ரயில்வே தொழிற்சங்க அங்கீகாரத் தேர்தல் என்றால் மட்டும் காலையிலேயே வரிசையில் நிற்பார். ரகசிய வாக்கெடுப்பு முறையில் 2007-ல் ஒருமுறை, 2013-ல் ஒருமுறை நடந்தது. அதற்கடுத்து 2024 டிசம்பரில்தான். பதினோரு வருஷ இடைவெளியைப் பற்றி அவர் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தபோது மகள் மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்கப்பா, இது அரசியல் இல்லீங்களா?" அவர் பதில் சொல்லாமல் ரசம் ஊற்றச் சொன்னார். ஆனால் பிறகு அவரே 2007-ல் சேலம் ரயில்வே கோட்டம் பிரிந்த கதையை ஆரம்பித்தார். பாலக்காடு கோட்டத்திலிருந்து பெரிய பகுதியை எடுத்தார்கள் என்று கேரளத்தில் எதிர்ப்பு, இங்கே வரவேற்பு. மத்திய அரசின் ஒரு துறை, இரண்டு மாநிலங்களின் சண்டை. கூட்டாட்சி பற்றிப் பாடநூலில் நாற்பது பக்கம் படித்தும் பிடிபடாதது, அப்பா சொன்ன ஒர்க்‌ஷாப் கதையில் பிடிபட்டது. மூன்றாம் செமஸ்டர் அசைன்மென்ட் அதைப் பற்றித்தான்.

இனி அந்த முதல் கேள்வி, வேலை. இதில் பூசி மெழுகக் கூடாது. கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் கம்பெனிகள் வரிசைகட்டி வரும் படிப்பு இதுவல்ல. பி.ஏ.வோடு நிறுத்தினால் கையில் ஒரு பட்டம், அவ்வளவுதான். மேலே எம்.ஏ., நெட் தேர்வு, கல்லூரி ஆசிரியர் என்பது ஒரு பாதை, நீண்ட பாதை. மூன்று வருஷ சட்டப்படிப்பு இன்னொன்று. அதற்கு வெளியூர் போக வேண்டாம், மருதமலை ரோட்டிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பி.எட்., பத்திரிகை, தேர்தல் ஆய்வு, தொண்டு நிறுவனம் என்று மற்றவையும் உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் மனசில் வைத்திருப்பது போட்டித் தேர்வு. அதில் இந்தப் பாடத்துக்கு அனுகூலம் இருப்பது உண்மை. சிவில் சர்வீஸ் முதன்மைத் தேர்வில் இரண்டாவது பொது அறிவுத் தாள் 250 மார்க்குக்கு முழுக்க அரசமைப்பு, நிர்வாகம், சர்வதேச உறவு. விருப்பப் பாடமாகவும் எடுத்தால் அதில் 500. டி.என்.பி.எஸ்.சி.யிலும் இந்திய ஆட்சியியல் தவறாமல் வரும். ஆனால் இந்தத் தேர்வுகளுக்கு இந்தப் பட்டம்தான் வேண்டும் என்று எங்கும் இல்லை. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு போதும். ஐ.ஏ.எஸ். ஆவதற்காக மட்டும் அரசியல் அறிவியல் எடுக்கிற பிள்ளை, முதல் முயற்சி தவறியதும் மூன்று வருஷத்தை வீணாக்கிவிட்டோம் என்று உடைந்து போகிறது. பாடத்தில் ஆசை இருந்தால் எடுக்கட்டும். கோச்சிங் சென்டர் விளம்பரத்தைப் பார்த்து எடுக்க வேண்டாம்.

ஆசை உண்டு, தைரியம் இல்லை என்கிறவர்களுக்கு நடுவழியும் இருக்கிறது. அமெரிக்காவில் மாணவர்கள் ஒரு முதன்மைப் பாடமும் ஒரு துணைப் பாடமும் வைத்துக்கொள்வார்கள். சிலர் இரண்டையுமே முதன்மையாக எடுப்பார்கள். துளசேந்திரபுரத்து வேர் உள்ள கமலா ஹாரிஸ் 1986-ல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியது அரசியல் அறிவியலும் பொருளாதாரமும் சேர்த்துத்தான். நம் கல்லூரிகளில் அந்த அளவுக்குத் தாராளம் இல்லை. ஆனாலும் வரலாறோ பொருளாதாரமோ எடுத்தவர்களுக்கு அரசியல் அறிவியல் சார்புப் பாடமாக வருவதுண்டு. வேலைக்குப் போய்விட்டவர்களுக்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்தப் பெண்ணின் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மா, டெய்லரிங் செய்துகொண்டே அப்படித்தான் படிக்கிறார். மகள் நோட்டு அம்மாவுக்கு, அம்மா அனுபவம் மகளுக்கு.

மூன்றாம் ஆண்டில் புராஜெக்ட் வந்தபோது அவள் யோசிக்கவே இல்லை. வெள்ளலூர். எழுபத்து நான்காவது திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தபோது, குப்பை அள்ளுவது உள்ளாட்சியின் வேலை என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். 2016-ல் வந்த திடக்கழிவு விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டிலேயே பிரிக்கச் சொல்லியிருந்தன. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் இந்தக் கிடங்கின் விவகாரம் போயிருக்கிறது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் பயோமைனிங் வேலையும் நடக்கிறது. கிடங்கு இருப்பது வெள்ளலூர் பேரூராட்சியில், குப்பை வருவது கோவை மாநகராட்சியிலிருந்து. கொட்டுகிறவர்களுக்கு ஓட்டுப் போடுகிற உரிமை, பக்கத்திலேயே குடியிருக்கும் வெள்ளலூர்க்காரர்களுக்கு இல்லை. இதை முதன்முதலாகக் காகிதத்தில் வரைந்து பார்த்த அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை. பத்தாம் வகுப்புக் கேள்விக்குப் பாதிப் பதில் அந்தப் படத்திலேயே இருந்தது.

மீதிக்கு அவள் இரண்டு வழியில் போனாள். ஒன்று, ஏரியா சபை. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் தமிழக நகரங்களில் தொடங்கியது. கிராமசபை மாதிரி வார்டுக்குள் மக்கள் கூடிப் பேசும் இடம். அவள் போன கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் தெருவிளக்கும் குடிதண்ணீரும் பேச வந்தவர்கள். குப்பைக் கிடங்கைப் பற்றி அவள் எழுந்து கேட்டபோது பின்னாலிருந்து ஒரு பெரியவர், "யார்ரா இந்தப் புள்ள?" என்றார். கவுன்சிலர் பொறுமையாகவே பதில் சொன்னார், தன் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது, எவ்வளவு இல்லை என்று. அந்த இரண்டாவது பகுதிதான் புராஜெக்டுக்குப் பயன்பட்டது.

இன்னொன்று, தகவல் உரிமைச் சட்டம். ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாள் கெடு. ஒரு நாளைக்கு எத்தனை டன் வருகிறது, அதில் எவ்வளவு பிரித்து வருகிறது, தீப்பிடித்தால் யார் யாருக்குத் தகவல் போகிறது என்று மூன்று கேள்வி. எழுதிக் காட்டியபோது அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "இப்பிடி எழுதுனா வில்லங்கம் ஒண்ணும் வராதா?" என்று கேட்டார். கவர்ன்மென்ட் உத்தியோகஸ்தர், அந்தப் பயம் இயற்கை. "சட்டத்துலயே குடுத்திருக்கறதுதானுங்கப்பா" என்றாள். கையெழுத்தை மட்டும் கொஞ்சம் தெளிவாகப் போடச் சொன்னார்.

பதில் வந்தது. முதல் இரண்டு கேள்விக்கும் விவரம் இருந்தது. மூன்றாவதற்கு, இது தங்கள் அலுவலகத்தைச் சார்ந்ததல்ல என்று ஒரே வரி. அம்மிச்சி, "அவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்கினார். பேத்தி சட்டப் புத்தகத்தைப் புரட்டி 6(3) பிரிவைக் காட்டினாள். தங்களுக்குச் சம்பந்தமில்லாத மனு என்றால் ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே அனுப்பி, மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். திருப்பிச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. முதல் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள், அதிலும் சரிவரவில்லை என்றால் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகத் தொண்ணூறு நாள்.

மேல்முறையீட்டை அவள் எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் முதியோர் உதவித்தொகை நின்றுபோனதைப் பற்றிக் கேட்க வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். மறுநாள் வேலை முடிந்து வந்த அப்பா, காய்கறிப் பையோடு சேர்த்து ஒரு சின்னக் கவரையும் மேஜைமேல் வைத்தார். உள்ளே பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஐந்து.